இருநூற்றுப் பதினெட்டாம் எண் இணைப்பு

லிஜிக்கு முப்பத்தொரு வயது நடந்தபோது ஊர் அவளுக்கு ஓர் எண்ணைப் பெயராக வைத்தது. அதற்கு முன்பு அவள் ஏசுஅடிமையின் மருமகளாகவும் குவைத்துக்காரன் ஷைஜுவின் மனைவியாகவும் மட்டுமே அறியப்பட்டிருந்தாள். அவளது ஞானஸ்நானப் பெயர் லிஜி மேரி என்பது, மூன்று வீடு தள்ளிக் குடியிருந்த எனக்கே, அவளுக்காக மனு எழுத உட்கார்ந்த நாளில்தான் தெரிந்தது.

ஏசுஅடிமை தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரையில் மீன்பிடித்து வாழ்ந்தவர். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்து அவருடைய வள்ளத்தையும் வீட்டின் பாதியையும் கொண்டுபோனது. அதன்பின் அவர் கடலைப் பார்க்கவே விரும்பாமல், நான்கு கிலோமீட்டர் உள்ளே, எங்கள் புன்னமூட்டுவிளையில் ஐந்து சென்ட் நிலம் வாங்கிக் குடியேறினார். 2007இல் அவருடைய மகன் ஷைஜுவுக்கு லிஜி மனைவியானாள். திருமணமான நாற்பதாம் நாள் ஷைஜு குவைத்துக்குப் புறப்பட்டான். அதன்பின் ஈராண்டுக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் வருவான். குழந்தை பிறக்கவில்லை. மாமியார் 2010இல் இறந்தார். நாத்தனார் ஸ்மிதாவைக் கல்லூரிக்கு அனுப்பியதும், மாமனாருக்குக் கஞ்சி வைத்ததும், தையல் இயந்திரத்தை மிதித்து ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைத்ததும் லிஜியின் ஏழாண்டு வாழ்க்கை. இதற்கு மேல் அவளைப் பற்றி எழுத அன்று எதுவும் இல்லை.

2014 ஜூலையில் ஏசுஅடிமைக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. இளமையில் வந்து ஆறிய சயரோகம் அவருடைய நுரையீரலில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டிருந்தது. நோய் இப்போது இல்லை, ஆனால் நுரையீரலும் இல்லை என்றார் நாகர்கோவில் மருத்துவர். இரவு பகலாக ஆக்சிஜன் இயந்திரம் ஓட வேண்டும். அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும்; அதற்காக உள்ளறையில் குளிர்ச்சாதனம் மாட்டினார்கள். இயந்திரத்தை ஆட்டோவில் போர்வை மூடிக் கொண்டுவந்தார்கள். துணி துவைக்கும் இயந்திரம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லப்பட்டது. என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

மறைத்ததற்குக் காரணம் ஸ்மிதா. அவளுக்குக் கருங்கல் பக்கத்திலிருந்து நல்ல சம்பந்தம் கூடிவந்திருந்தது. சயரோகம் என்ற சொல் ஒரு வீட்டின் வாசலில் விழுந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணை யாரும் எடுக்கமாட்டார்கள்; ஆறிய நோய் ஒட்டாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் எடுக்கமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று இயந்திரத்தை நிறுத்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். ஏசுஅடிமையை வெள்ளைச் சட்டை அணிவித்து முன்னறையில் உட்காரவைத்தார்கள். நீலம் பாரித்த உதடு தெரியாமலிருக்க லிஜி அவருக்கு வெற்றிலையும் சுண்ணாம்பும் கூடுதலாக மடித்துக் கொடுத்தாள். முப்பத்தைந்து நிமிடம் அவர் மூச்சை அடக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களின் கார் திரும்பியதும் நாற்காலியிலிருந்து சரிந்தார். சம்பந்தம் உறுதியாயிற்று.

எங்கள் தெருவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் அளவு எடுக்க வந்தவர் கிளீட்டஸ். அரசுச் சம்பளம், எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், நாற்பத்திரண்டு வயது. அவர் வந்தால் தெரு கலகலக்கும். அனுமதி கேளாமல் பின்கட்டு வரை போவார். ‘ஏட்டி, கொஞ்சம் வெள்ளம் தா’ என்று உரிமையோடு கேட்டு வாங்கிக் குடிப்பார். எழுத்தறியாத முதியவர்களின் கட்டணத்தைத் தாமே கொண்டுபோய்ச் செலுத்துவார். ஊர்ப் பெயரில் ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் உறுப்பினர். பெரும்பாலோர் வளைகுடாவில் வேலை செய்பவர்கள். யார் வீட்டுப் பலா பழுத்தது, எந்தப் பசு கன்று ஈன்றது என்று கிளீட்டஸ் அதில் எழுதுவார். பாலைவனத்தில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் கிடந்து அதைப் படித்தவர்களுக்கு அவர் ஒரு தபால்காரரைப் போல இருந்தார்.

2013இல் அவர் பெயர் குறிப்பிடாமல் ஒன்று எழுதினார். துபாயில் இருக்கும் ஒருவன் ஊரில் மாடி வீடு கட்டியிருக்கிறான். பழைய வீட்டில் இருக்கும் அவனுடைய தாயின் இரண்டு மாத மின் செலவு எட்டு யூனிட். இவ்வளவுதான். மகன் வெட்கப்பட்டுத் தாயைப் புது வீட்டுக்கு அழைத்துக்கொண்டான். எழுநூறு பேர் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன். ஒரு வீட்டு மீட்டரின் அளவு வீதிக்கு வந்ததை அன்று நாங்கள் யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. பலாப்பழத்துக்கு நாற்பது விருப்பம், எட்டு யூனிட்டுக்கு எழுநூறு என்ற கணக்கைக் கிளீட்டஸ் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்.

2014 செப்டம்பர் 13, சனிக்கிழமை. மறுநாள் கோயிலில் ஸ்மிதாவின் திருமண ஓலை முதல்முறை வாசிக்கப்பட இருந்தது. எங்கள் முறைப்படி மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். தடை சொல்ல விரும்புபவர் அந்த மூன்று வாரத்துக்குள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். அன்று மாலை கிளீட்டஸ் தம் கைப்பேசியில் எழுதியது இது:

‘இணைப்பு எண் 218. ஆளு குவைத்துல. போன தடவ 240 யூனிட்டு. இந்தத் தடவ 1,140. ராத்திரி முழுக்க ஏசி ஓடுது. யாருக்கு மக்கா இந்தக் குளிரு?’

பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. ஒவ்வொரு வீட்டின் முன்சுவரிலும் மீட்டர்ப் பெட்டிக்குக் கீழே இணைப்பு எண்ணைச் சிவப்புச் சாயத்தில் எழுதியிருப்பார்கள். எண் சாலையில் நின்றாலே தெரியும்; மீட்டரின் அளவைப் படிக்கத்தான் வாசலைக் கடந்து உள்ளே போக வேண்டும். ஞாயிறு காலை பூசைக்குப் போனவர்கள் வழக்கமான பாதையை விட்டுவிட்டு எங்கள் தெரு வழியாக, சுவர்களைப் படித்துக்கொண்டே போனார்கள். 211 என்னுடைய வீடு. அங்கே அவர்கள் நிற்கவில்லை.

பதிவுக்கு ஆயிரத்து முந்நூறு விருப்பம் விழுந்தது. கீழே எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை நான் இங்கே எடுத்தெழுத முடியாது. எழுதத்தக்க ஒன்று: ‘ஷைஜுவே, நீ அனுப்புற காசுல எவனோ போர்வ பொத்திக் கெடக்கான்.’ விருப்பம் தெரிவித்தவர்களின் பட்டியலில் ஸ்மிதாவுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளையின் பெயரும் இருந்தது. தன் மாமனாராகப் போகிறவரின் வீட்டு எண் அதுதான் என்று அப்போது அவனுக்குத் தெரியாது. இரண்டு நாளில் தெரிந்துகொண்டான். விருப்பத்தை நீக்கவில்லை.

லிஜியிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. ‘மாமாவுக்கு மூச்சு இயந்திரம் ஓடுகிறது’ என்று அவள் வாசலில் நின்று சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் அடங்கியிருக்கும். சொல்லியிருந்தால் இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டிருக்காது. ஸ்மிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் பொறுக்கச் சொன்னாள். குவைத்திலிருந்து ஷைஜுவும் அதையே சொன்னான். உள்ளறையில் ஏசுஅடிமை தம்மைச் சாகவிடும்படி சொன்னார். இயந்திரத்தின் இரைச்சலில் அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் தைக்கக் கொடுத்திருந்த துணிகளைப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வெட்டிப் பாதி தைத்தவற்றையும் அப்படியே வாங்கிக்கொண்டார்கள். பேருந்து நிறுத்தத்தில் அவள் நின்றால் இளைஞர்கள், வண்டி எண்ணைச் சொல்வதுபோல, ‘இருநூத்திப் பதினெட்டு வருது’ என்பார்கள். மீன் விற்க வரும் செல்லத்தாய், லிஜியைப் போலவே கடற்கரையிலிருந்து வந்தவள், கூடையை இறக்காமல் நின்று, ‘ஒனக்கு ஐஸ் போட்ட மீனுதான் வேணும், இல்லியாட்டி?’ என்று கேட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்ததை நான் என் வாசலிலிருந்து கேட்டேன். லிஜி அன்றும் மீன் வாங்கினாள். மாமனாருக்கு மீன் இல்லாமல் கஞ்சி இறங்காது.

மூன்று ஓலையும் வாசிக்கப்பட்டன. அக்டோபரில் திருமணம் நடந்தது. தந்தைக்கு முதுகுப் பிடிப்பு என்று சொல்லி, தாய்மாமன் ஸ்மிதாவைப் பீடத்துக்கு அழைத்துச் சென்றார். பதினைந்து நாள் விடுப்பில் வந்த ஷைஜு அந்தப் பதினைந்து நாளும் முன்னறையில் பாய் விரித்துப் படுத்தான். இயந்திரத்தை அவனே கண்ணால் பார்த்தான். வாங்கப் பணம் அனுப்பியவனும் அவன்தான். புறப்படும் நாளில் அவன் சொன்னதை லிஜி என்னிடம் ஒருமுறை மட்டும் சொல்லியிருக்கிறாள்.

“எனக்கு அறியும்டி. நீ ஒண்ணும் செய்யல்ல. ஆனா கேம்புல எனக்ககூட இருக்கப்பட்ட முப்பது பேருக்கும் அது அறியணும்லா?”

இனிச் சொல்லிவிடலாமே என்று அவள் கேட்டதற்கு, தங்கையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றான். அதன்பின் அவனிடமிருந்து அழைப்பு வருவது நின்றது.

நவம்பரில் லிஜி என்னிடம் வந்தாள். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஊரில் பலருக்கும் மனு எழுதிக் கொடுப்பவன். அவள் முதலில் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்; பிறகு இயந்திரத்தைப் பற்றிச் சொன்னாள். (இப்போது ஸ்மிதா இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், கணவனோடு வெளிநாட்டில் இருக்கிறாள். இனி எழுதலாம் என்று லிஜியே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.) அவள் கேட்டது ஒன்றே ஒன்று. எழுதியது பொய் என்று, எழுதிய அதே இடத்தில், கிளீட்டஸ் எழுத வேண்டும். வேலை போக வேண்டாம், சிறைக்குப் போக வேண்டாம்.

காவல் நிலையத்துக்குப் போனால் இயந்திரத்தைப் பற்றி முதல் கேள்வியிலேயே சொல்ல வேண்டிவரும். ஆகவே மின்துறைக்கு எழுதுவதே முறை என்று நான் தீர்மானித்தேன். பணியின் வழியாக அறிந்த செய்தியைப் பணியாளர் வெளியாருக்குத் தெரிவிக்கக் கூடாது என்பது நடத்தை விதி. மனுவின் மூன்றாம் பத்தியில் அதை இவ்வாறு எழுதினேன்: ‘ஒரு வீட்டின் மின் அளவு அந்த வீட்டாருக்கும் துறைக்கும் மட்டுமே உரியது; எக்காரணம் பற்றியும், எவர் நன்மைக்காகவும், அதனை வேறெங்கும் வெளியிடுதல் ஆகாது.’ என் மனுக்களில் இதைக் காட்டிலும் செம்மையான வாக்கியம் இல்லை என்று அன்று நினைத்தேன்.

மனு போனதும் கிளீட்டஸ் வேறு பகுதிக்கு மாற்றப்பட்டார். பதிவை அவர் நீக்கினார். ஆனால் அதற்குள் அதைப் படமெடுத்து வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் தெருவுக்கு ராஜமணி என்ற புதியவர் வந்தார். 218ஆம் எண் வாசலில் லிஜி நின்றிருந்தாள். ராஜமணி சாலையில் நின்றபடியே மின் அளவு எழுதும் அட்டையை வாங்கினார்.

“அக்கா, எனக்கும் குடும்பம் உண்டு. உள்ள வந்தேன்னு நாளைக்கு நீங்க எழுதிக் குடுத்தா, நான் எங்க போவேன்?”

அட்டையில் ‘டோர் லாக்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். வீடு பூட்டியிருந்ததாகப் பொருள். பூட்டிய வீட்டுக்கு முந்தைய அளவையே மீண்டும் எழுதுவது துறையின் வழக்கம். முந்தைய அளவு 1,140. ஜனவரியில் ஏசுஅடிமை இறந்தார். இயந்திரம் நின்றது, குளிர்ச்சாதனம் நின்றது. அட்டையில் மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1,140 விழுந்துகொண்டே இருந்தது. பிரிவு அலுவலகத்துக்கு அவள் மும்முறை போனாள். ஆள் உள்ளே வர அஞ்சுகிறார், நாங்கள் என்ன செய்வது என்றார்கள்.

2015 ஜூனில் விசாரணை நடந்தது. விசாரணை அலுவலர் ஒரு செயற்பொறியாளர், பெயர் கிருஷ்ணமணி, நேர்மையானவர். அவள் சார்பில் உடன் இருக்க எனக்கு அனுமதி கிடைத்தது. கிளீட்டஸ் இஸ்திரி போட்ட சட்டையோடும், செய்தித்தாளிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டோடும் வந்தார். இணையத்தில் எழுதுபவர்களைக் கைதுசெய்ய இடங்கொடுத்த சட்டப்பிரிவை அந்த ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியிருந்தது; அந்தச் செய்தி அது. சனிக்கிழமை மாலை, சொந்தக் கைப்பேசியில், பெயர் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன், கேள்வி கேட்பது என் உரிமை என்றார்.

எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு என்றார் கிருஷ்ணமணி. சாலையில் உள்ள குழியைப் பற்றி எழுதுங்கள், தேர்த் திருவிழாவைப் பற்றி எழுதுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. பிறகு அவர் கேட்டது இது.

“இந்த 1,140 உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மீட்டரைப் பாத்து.”

“உங்களை உள்ள விட்டது யாரு?”

“அவுங்கதான்.”

“உங்களையா விட்டாங்க, துறையையா?”

கிளீட்டஸ் செய்தித்தாள் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நான் அப்போது லிஜியைப் பார்த்துத் தலையசைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை உண்டு. கிளீட்டஸ் எழுந்தார். குரலில் பகை இல்லை. அளவெடுக்க வந்தவர் பின்கட்டில் நின்று பேசுவதுபோலவே பேசினார். தாம் எழுதியது பொய் என்கிறீர்களே, 1,140 யூனிட் ஓடியது உண்மையா இல்லையா என்றார். உண்மை என்றாள். எதற்காக ஓடியது என்றார். லிஜி என்னைப் பார்த்தாள். முந்தைய வாரம் ஸ்மிதா ஆறு மாதக் கர்ப்பத்தோடு ரகசியமாக வந்து அவள் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். விசாரணைத் தாளில் ஏறும் எதுவும் ஊருக்கு வரும் என்று அவள் சொன்னது சரிதான்.

“யூனிட்டு எவ்வளவுன்னு கேக்கது ஒங்களுக்க வேல,” என்றாள் லிஜி. “என்னத்துக்குன்னு சொல்லியது எனக்க வேல இல்ல.”

சரியான பதில். சட்டப்படி அதைவிடச் சரியான பதிலை நானும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. கிருஷ்ணமணி பேனாவை எடுத்து, ‘சாட்சி விளக்கம் அளிக்க மறுத்தார்’ என்று எழுதினார்.

கிளீட்டஸ் அலுவலகப் பேரேட்டைக் காட்டும்படி கேட்டார். நவம்பர் 1,140. ஜனவரி 1,140. மார்ச் 1,140. மே 1,140.

“இப்பவும் நிக்கல்லியே லிஜி,” என்றார். “ஏசி இப்பவும் ஓடுதா?”

யாரும் உள்ளே வரவில்லை, பூட்டிய வீடு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள் என்று அவள் சொன்னாள். அவர் பேரேட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

“நாலு தடவயும் வீடு பூட்டிக் கெடந்திருக்கு. ஒத்தைக்கு இருக்கப்பட்ட பொம்பள. அப்ப நீ எங்கட்டி போயிருந்த?”

கேள்வி நீக்கப்படுகிறது என்றார் கிருஷ்ணமணி. தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டதை அவரால் நீக்க முடியவில்லை.

செப்டம்பரில் ஆணை வந்தது. பணியின் வழி அறிந்த செய்தியை வெளியிட்ட குற்றம் நிறுவப்பட்டது. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம். பதிவின் உள்ளடக்கம் பொய் என்ற புகார் ‘நிறுவப்படவில்லை’. மறுப்பு எழுதச் செய்யும்படி கேட்ட கோரிக்கையை ஏற்க விதிகளில் இடமில்லை. ஆணையின் நகல் லிஜிக்கு வந்த அன்றே ஊர்க் குழுவிலும் வந்துவிட்டது. கடைசிப் பத்தியில் ‘நிறுவப்படவில்லை’ என்ற சொல்லை யாரோ சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை நகைச்சுவையாக இருந்தது இப்போது முத்திரையோடு அரசாணையாகிவிட்டது. வேடிக்கையாக எழுதிய ஒரு நல்ல மனிதரின் சம்பளத்தில் கைவைத்தவள் என்பதும் சேர்ந்துகொண்டது. ‘அந்த வீட்டுப் படி மிதிக்காதே’ என்று ஸ்மிதாவுக்கு அவளுடைய மாமியார் உத்தரவிட்டார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, எங்கள் கோயில் வழியாகத்தான் அவர்களுடைய கார் போயிற்று. லிஜி சாலையோரம் நின்றாள். ஸ்மிதா கண்ணாடியை இறக்கவில்லை.

2016 மார்ச்சில் ஷைஜு ஓர் உறவினருக்கு அதிகாரம் எழுதி அனுப்பி வீட்டை விற்கத் துணிந்தான். லிஜி தகப்பன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. பெயர் மாற்றத்துக்கு மீட்டரின் உண்மையான அளவு தேவைப்பட்டதால், ராஜமணி முதல்முறையாக உள்ளே வந்தே ஆக வேண்டியதாயிற்று. தனியாக வரமாட்டேன் என்றார். சாட்சிக்கு என்னை அழைத்தார்கள்.

ராஜமணி மீட்டரைப் பார்த்தார். துடைத்துவிட்டு மீண்டும் பார்த்தார். பதினெட்டு மாதத்துக்கு அட்டையில் எழுதப்பட்டிருந்தது பத்தாயிரத்துக்கு மேல். மீட்டரில் ஓடியிருந்தது இரண்டாயிரத்து அறுநூறு. அதிலும் பெரும்பகுதி மாமனார் இருந்த மாதங்களில் ஓடியது என்பது எனக்கும் லிஜிக்கும் மட்டுமே தெரியும்.

“நீங்க லைட்டே போடுகில்லியாக்கா?” என்று மெல்லக் கேட்டார். அதிகப்படி எழுதியது கழிக்கப்படும் என்றும் சொன்னார்.

லிஜி அதைக் காதில் வாங்கவில்லை. ஒன்றரை ஆண்டாக அவள் முகத்தில் நான் பார்த்திராத ஒரு சுறுசுறுப்பு வந்தது.

“தம்பி, இப்ப பாத்தத அவன் எழுதுன அதே எடத்துல எழுதுங்க. எனக்க பேரு வேண்டாம். இருநூத்திப் பதினெட்டு, இவ்வளவு யூனிட்டு. அது போதும்.”

ராஜமணி என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அது முடியாதுக்கா. மீட்டர் கணக்க வெளிய சொல்லப்பிடாது. ஒங்க கேசுக்கப் பெறவு சர்க்குலரே வந்தாச்சு.”

பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அலுவலகத் தமிழில் வழக்கமான தொடக்கம். அதன்கீழ் மேற்கோளாக என் மனுவின் மூன்றாம் பத்தி. எக்காரணம் பற்றியும், எவர் நன்மைக்காகவும். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

லிஜி அதை நின்றபடியே முழுவதும் படித்தாள். மடிப்புக் கலையாமல் மடித்து ராஜமணியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க சாரே,” என்றாள்.